நட்டைத் திருகுகிறோம், போல்ட்டை இழுக்கிறோம்

பெரும்போக வெட்டு முடிகிற மாசி மாதத்தில் கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு ஓய்வே கிடையாது. நெல் அவிக்கிற கொதிகலனை விடியப்புறம் மூட்டினால் இரவு வரைக்கும் அணைக்க மாட்டார்கள். அப்படியொரு மாசியில், ஏ9 வீதியோரத்து ஆலை ஒன்றில் நீராவிக் குழாயின் இணைப்பு கசிகிறது என்று கூப்பிட்டார்கள். இரண்டு வட்டத் தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் கசிவை அடைக்கிற காஸ்கட் போட்டு, சுற்றிவர எட்டு போல்ட்டால் பிணைத்த இணைப்பு. பிளாஞ்ச் என்போம். நான் போகும்போது அங்கே வேலைசெய்யும் பெடியன் கசிகிற பக்கத்து நட்டில் ஸ்பனரை மாட்டி, ஸ்பனரில் பைப் துண்டொன்றைச் செருகி, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணை, இனி அரக்காது. நல்லா இறுகிட்டுது. ஆனா கசிவு நிக்குதில்லை.”

முதல் வேலையாக அவனை இறக்கிவிட்டு, வால்வை அடைத்து, ஆவியை வெளியேற்றி, குழாய் ஆறும்வரை காத்திருந்தோம். அழுத்தத்தில் இருக்கிற நீராவி இணைப்பில் ஸ்பனரே வைக்கக்கூடாது. அந்த நேரத்தில் ஒரு போல்ட் அறுந்தால் எதிரே நிற்பவரின் முகம் வெந்துவிடும். ஆறிய பிறகு கழற்றிப் பார்த்தோம். அவன் இறுக்கிய பக்கத்தில் காஸ்கட் நசுங்கிப் பிதுங்கி வெளியே வந்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் அது தட்டோடு ஒட்டிய அடையாளமே இல்லை. அவன் தொங்கிய போல்ட்டின் மரை இழுபட்டுப்போய், நட் பாதி வழியில் சிக்கிக்கொண்டது.

அவனிடம் பலம் இருந்தது, அக்கறையும் இருந்தது. ‘இறுக்கம்’ என்றால் என்ன என்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் வேலை பழகிய முதல் சில வருடங்களில் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் ஏற்றிக் கயிறு போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைச் சும்மா சுற்றி முடிந்துவிட்டால், முதல் குழியில் பெட்டி விழும்போதே சுமை மேலே எழும்பிக் கீழே விழும். ஒவ்வொரு எழும்பலும் கயிற்றைச் சுண்டி இழுக்கும். நாலு கட்டை தாண்டுவதற்குள் கயிறு தேய்ந்து அறுந்துவிடும். விஷயம் தெரிந்தவர் என்ன செய்வார்? கயிற்றுக்குள் தடியைக் கொடுத்து முறுக்கி, வைக்கோல் அமுங்கும்வரை இறுக்குவார். இப்போது கயிறு முன்பே நன்றாக இழுபட்டு நிற்கிறது. வைக்கோல் முன்பே அமுங்கி நிற்கிறது. குழியில் விழுந்தாலும் இரண்டும் சேர்ந்துதான் அசையும். கயிற்றுக்குப் புதிதாக வருகிற சுண்டல் மிகக் குறைவு.

போல்ட் செய்வதும் இதைத்தான். நட்டைத் திருகும்போது போல்ட்டின் உடல் நீள்கிறது. இரும்பு நீளுமா என்று கேட்காதீர்கள். நீளும், விட்டால் திரும்பச் சுருங்கும், ரப்பர் போலத்தான், அளவுதான் மிகச் சிறியது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு தட்டுகளையும் சேர்த்து நெரித்துப் பிடிக்கிறது. பள்ளிக்கூடப் பௌதிகத்தில் இதற்கு இழுவை என்று பெயர். நாம் நட்டைத் திருகுவது இந்த இழுவையைப் போல்ட்டுக்குள் ஏற்றி வைப்பதற்காக. நட் எவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பியது என்பது வேறு விஷயம், இழுவை எவ்வளவு ஏறியது என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 20 மில்லிமீற்றர் விட்டம், 30 அளவு ஸ்பனர் பிடிக்கும் தலை. தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். கடையில் ஹைடென்ஷன் போல்ட் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். முதல் 8 என்பது, சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் 8, அதில் 80 சதவீதம் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும், திரும்பச் சுருங்காது என்பதைச் சொல்கிறது. இப்படியான போல்ட்டைப் பாதுகாப்பான அளவுக்கு இறுக்கினால் அதற்குள் ஏறி நிற்கிற இழுவை ஏறத்தாழ 11 தொன். 50 கிலோ அரிசி மூடை 220ஐ அந்த ஒற்றைப் போல்ட்டில் தொங்கவிட்ட மாதிரி.

அத்தனை சுமைக்கும் அது எவ்வளவு நீளும்? நெரிபடுகிற தட்டுகளின் மொத்தத் தடிப்பு 100 மில்லிமீற்றர் என்றால், நீட்சி கால் மில்லிமீற்றரைக்கூடத் தொடாது. தலைமுடி மூன்றை அடுக்கி வைத்த தடிப்பு என்று சொல்லலாம். அந்த மூன்று முடித் தடிப்புக்குள்தான் 11 தொன்னும் இருக்கிறது. இதனால்தான் மூட்டின் முகத்தில் பெயின்ற்றோ துருவோ மணலோ இருந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுச் சுரண்டச் சொல்வேன். இரண்டு நாள் ஓடியதும் அந்தப் பெயின்ற் நசுங்கித் தேய்ந்து ஒரு முடித் தடிப்பு போய்விடும். அதோடு இழுவையில் மூன்றில் ஒரு பங்கும் போய்விடும். நட் ஒரு துளிகூடக் கழன்றிருக்காது. ஆனாலும் மூட்டு தளர்ந்துவிட்டது.

தலையில் எண்ணே இல்லாத போல்ட்டும், 4.6 என்று இருக்கும் போல்ட்டும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். 4.6 என்றால் அறும் எல்லையே 400 நியூட்டன்தான். 20 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு அது 10 தொன். அதாவது 8.8 போல்ட்டை இறுக்குகிற மாதிரி இதை இறுக்கப் போனால், இலக்கை எட்டுவதற்கு முன்பே போல்ட் கையோடு வந்துவிடும். எண்ணில்லாத போல்ட்டைப் பெரிய மூட்டில் போடவே வேண்டாம்.

சரி, அந்த 11 தொன் ஏறிவிட்டதா என்று கைக்கு எப்படித் தெரியும்?

உண்மையில் கைக்குத் தெரியாது. நட்டைத் திருகுவதற்கு நாம் கொடுக்கும் முயற்சியை நூறு பங்காகப் பிரித்தால், ஏறத்தாழ ஐம்பது பங்கு நட்டின் அடிமுகம் வாசரில் உரசுவதிலேயே போய்விடுகிறது. இன்னும் நாற்பது பங்கு மரைக்கும் மரைக்கும் இடையிலான உரசலில் போகிறது. மிச்சமிருக்கிற பத்துப் பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. கை உணர்வதில் பெரும்பகுதி உராய்வு. அந்தப் பெடியன் ‘நல்லா இறுகிட்டுது’ என்று சொன்னபோது பொய் சொல்லவில்லை. துருப்பிடித்த மரையின் உராய்வு அவனை அப்படி நம்பவைத்தது. துருவால் உராய்வு இரண்டு மடங்கானால், அதே பலத்துக்கு ஏறுகிற இழுவை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. காய்ந்த நிலையில் நான் சொன்ன 20 மில்லிமீற்றர் 8.8 போல்ட்டுக்குச் சுமார் 440 நியூட்டன் மீற்றர் திருப்பம் கொடுத்தால் 11 தொன் வரும். ஒருவர் மரையிலும் நட்டின் அடியிலும் ஒயில் பூசிவிட்டு அதே 440ஐக் கொடுத்தால் உராய்வு குறைந்த அளவுக்கு இழுவை கூடும். 15 தொன் வரை போகும். அந்தப் போல்ட் நீண்டுபோகாமல் தாங்கும் என்று உறுதி சொல்லப்பட்ட எல்லையே அதுதான். மொலிப்டினம் கலந்த வழவழப்பான கறுப்புக் கிறீஸைப் பூசினால் எல்லையையும் தாண்டிவிடும். ஆகவே ஒயில் பூசுவதா இல்லையா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற எண்ணை எடுக்க வேண்டும். ஒயில் பூசிய நிலையில் அதே 11 தொன்னுக்கு 330 போதும். என் விருப்பம் எப்போதும் பூசுவதுதான். காய்ந்த மரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி உரசும். ஒயில் பூசிய மரைகள் எட்டும் ஓரளவுக்கு ஒன்றுபோல நடந்துகொள்ளும். எட்டுப் போல்ட்டும் ஒரே அளவு இழுபட வேண்டும் என்பதுதானே நமக்கு வேண்டியது.

இந்தத் திருப்பத்தை அளக்க டோர்க் ரென்ச் இருக்கிறது. 440 வரை போகிற பெரிய ரென்ச் எல்லாக் கராஜிலும் இருக்காது. ஆனால் வன்னியில் தொங்கு தராசு இல்லாத ஆலையோ நெல் வாங்கும் இடமோ கிடையாது. மூடையைக் கொக்கியில் மாட்டி நிறுக்கிற தராசு. அதுவே போதும்.

திருப்பம் என்பது இழுக்கிற விசையை நட்டின் நடுவிலிருந்து இழுக்கும் இடம் வரையான தூரத்தால் பெருக்கி வருவது. பத்தாம் வகுப்பில் படித்ததுதான். 30 அளவுச் சொக்கெற்றையும் அதற்குரிய தடித்த முக்காலங்குலக் கைபிடியையும் எடுங்கள். கைபிடி குட்டையானால், ஆட்டமில்லாமல் இறுக்கமாகப் பிடிக்கிற பைப்பை அதன் நீளம் முழுவதும் மூடும்படி செருகுங்கள். நட்டின் நடுவிலிருந்து சரியாக 1 மீற்றரில் வெண்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஒரு கம்பி வளையத்தைக் கட்டி, தராசின் கொக்கியை அதில் மாட்டுங்கள். தராசின் மறுமுனையைப் பிடித்து இழுங்கள். 45 கிலோ காட்டினால் நட்டில் விழும் திருப்பம் 440 நியூட்டன் மீற்றர். 330 வேண்டுமென்றால் 34 கிலோ காட்டினால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தராசு சரியா என்று முதலில் ஒரு சீமெந்துப் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். 50 கிலோ காட்ட வேண்டும். இழுக்கும் திசை கைபிடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். 30 பாகை சரிந்து இழுத்தால் 13 சதவீதம் காணாமல் போய்விடும். வெட்டி வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுத்து, நட் நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டுகிற எண்ணைப் பாருங்கள். நின்றுபோன நட்டை மறுபடி அசைக்கத் தொடங்கும்போது காட்டும் எண் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும், அதை நம்ப முடியாது. அப்புறம், உங்களை நோக்கி இழுங்கள். தள்ளாதீர்கள், பைப்பில் ஏறி நிற்காதீர்கள். சொக்கெற் நழுவினால் தள்ளுகிறவரின் நெற்றிதான் முதலில் இரும்பில் போய் மோதும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் திருப்பத்தை அளந்து இறுக்குவதில் இழுவை ஏறக்குறைய கால்வாசி கூடியோ குறைந்தோ போகக்கூடும். விலைகூடிய டோர்க் ரென்ச்சுக்கும் இதே கதிதான், ஏனென்றால் பிழை கருவியில் இல்லை, உராய்வில் இருக்கிறது. அதனால்தான் எல்லையின் விளிம்புக்குப் போகாமல் நாலில் மூன்று பங்கோடு நிறுத்துகிறோம்.

உராய்வைச் சுற்றிக்கொண்டு போகிற வழியும் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி அது. இதற்கு ஸ்பனரும் வெண்கட்டியும் மட்டும் போதும். நட் ஒரு சுற்றுச் சுற்றினால் மரையின் இடைவெளி அளவுக்கு முன்னேறும். 20 மில்லிமீற்றர் போல்ட்டில் அது 2.5 மில்லிமீற்றர். உராய்வு கூடினாலும் குறைந்தாலும் இந்த முன்னேற்றம் மாறாது. எனவே பலத்தை அளக்காமல் சுற்றை அளக்கலாம். இரும்புக் கட்டடங்களிலும் பாலங்களிலும் உயர்வலுப் போல்ட் இறுக்குவதற்கு அமெரிக்காவில் வகுத்த விதி இது. முதலில் ஒரு ஆள் சாதாரண ஸ்பனரால் முழுப் பலத்தோடு இறுக்கி, தட்டுகள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டச் செய்கிறார். பிறகு நட்டுக்கும் போல்ட் நுனிக்கும் தட்டுக்கும் சேர்த்து நேராக ஒரு கோடு இழுக்கிறார். அதன்பின் மூன்றில் ஒரு சுற்று, அதாவது நட்டின் ஆறு முகங்களில் இரண்டு முகம் நகரும் அளவுக்குத் திருப்பிவிடுகிறார். போல்ட்டின் நீளம் விட்டத்தைப் போல நாலு மடங்குக்குள் இருந்தால் இந்தக் கணக்கு. நாலிலிருந்து எட்டு மடங்கு வரை என்றால் அரைச் சுற்று. அதற்கு மேல் பன்னிரண்டு மடங்கு வரை மூன்றில் இரண்டு சுற்று. நெல் களஞ்சியத்தின் இரும்புக் கூரை மூட்டுக்கு இது பொருந்தும். காஸ்கட் போட்ட இணைப்புக்குப் பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் அங்கே நட் முன்னேறுவதில் பெரும்பகுதி காஸ்கட்டை நசுக்கத்தான் போகும்.

இந்த முறையில் இறுக்கும்போது போல்ட் பெரும்பாலும் கொஞ்சம் நிரந்தரமாகவே நீண்டுவிடும். ஒருமுறைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கழற்றினால் மறுபடி போடக்கூடாது.

மறுபடி போடுவது என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 90களில் வன்னிக்குள் பொருளாதாரத் தடை இருந்தது. இரும்பும் எரிபொருளும் உதிரிப்பாகமும் வராது. ஒரு போல்ட் கிடைத்தால் அதைத் துடைத்து, மரை வெட்டி, வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தி, திரும்பத் திரும்பப் போட்டோம். அப்படித்தான் பம்புகளும் ஆலைகளும் உழவு மெசின்களும் ஓடின. அந்தக் கைகளுக்கு நான் எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் போதாது. ஆனால் அந்தப் பழக்கம் இன்றைக்கும் பல கராஜ்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய போல்ட் பெட்டி ஒன்று மூலையில் இருக்கும், எந்த மூட்டுக்கும் அதற்குள்தான் கை போகும். போடுங்கள், ஆனால் பார்த்துப் போடுங்கள். பழைய போல்ட்டையும் அதே வகைப் புதுப் போல்ட்டையும் பக்கத்தில் பக்கமாக, மரைக்குள் மரை பொருந்தும்படி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒட்டி நின்றால் பரவாயில்லை. நடுவில் எங்காவது மரைகள் முரண்பட்டு, இடைவெளியால் வெளிச்சம் தெரிந்தால், அது எப்போதோ எல்லை தாண்டி இழுபட்ட போல்ட். அதை வேலி கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலை பிளாஞ்சுக்குத் திரும்புவோம். புதுக் காஸ்கட் வெட்டி, தட்டு முகங்களைக் கம்பித் தூரிகையால் துடைத்து, எட்டுக்கும் புதுப் போல்ட் போட்டு, மரையிலும் நட்டின் அடியிலும் ஒயில் பூசினோம். காஸ்கட் உள்ள இடத்தில் போல்ட் தாங்குகிற 11 தொன்னை இலக்காக வைக்க முடியாது. காஸ்கட் எவ்வளவு நெரிபடலாம் என்பதுதான் எல்லை. அது காஸ்கட்டின் தாளோடு வருகிற விவரத்தில் இருக்கும். அந்த முழு அளவை ஒரே தரத்தில் ஏற்றக்கூடாது. வெண்கட்டியால் போல்ட்டுகளுக்கு வட்டமாக ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டோம். இறுக்கிய ஒழுங்கு இது: ஒன்று, அதற்கு நேரெதிரே ஐந்து, பிறகு மூன்று, அதற்கெதிரே ஏழு, பின் இரண்டு, ஆறு, நாலு, எட்டு. முதல் தரம் முழு அளவில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. இரண்டாம் தரம் அறுபது சதவீதம். மூன்றாம் தரம் முழுவதும். ஒவ்வொரு தரமும் முடிந்ததும் தட்டுகளின் இடைவெளியை நாலு பக்கமும் அளந்து பார்த்தோம். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த தரம்.

இத்தனையும் முடிந்தது என்று பெடியன் ஸ்பனரைத் துடைக்கத் தொடங்கினான். “இனித்தான் வேலை இருக்குது. ஒண்டில இருந்து எட்டு வரை வட்டமா ஒருக்கா வா, மூண்டாம் தரம் இழுத்த அதே அளவில,” என்றேன். அவன் முதல் நட்டில் தராசை மாட்டி இழுத்தான். எப்போதோ இறுகி முடிந்தது என்று அவன் நினைத்த நட் கால் சுற்றுக்குக் கிட்ட ஓடியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் ஏமாற்றப்படவில்லை. இரண்டாவது போல்ட்டை இறுக்கும்போது காஸ்கட் இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது. அதனால் பக்கத்திலிருந்த ஒன்றாவது போல்ட்டின் இழுவை குறைந்துவிடுகிறது. ஒரு நட்டை இறுக்கினால் பக்கத்து நட் தளரும். எந்த நட்டும் நகராமல் நிற்கும்வரை வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் நாலு வட்டம் போனோம். பிறகு சாப்பிட்டுவிட்டு, நாலு மணி நேரம் கழித்து, ஆவி ஏற்றுவதற்கு முன் இன்னும் ஒரு வட்டம். அதிலும் மூன்று நட் வெண்கட்டிக் கோட்டின் தடிப்பளவுக்கு நகர்ந்தன. காஸ்கட் கடைசிவரை மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுக்கும், அதன் இயல்பு அது.

அதிர்வால் நட் கழல்கிற பிரச்சினையையும் ஆலைக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். நெல் சலிக்கிற சல்லடை மெசின் நாள் முழுக்க ஆடும். ஸ்பிரிங் வாசர் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 1969இல் ஜெர்மனியரான கெர்ஹார்ட் யுங்கர் செய்து காட்டிய சோதனை இதைத் தெளிவாக்கியது. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கும்போதுதான் நட் தானாகச் சுற்றிக் கழல்கிறது. போல்ட்டில் போதிய இழுவை இருந்தால் தட்டுகள் வழுக்காது. வழுக்காவிட்டால் நட்டும் கழலாது. முழு இழுவையில் ஸ்பிரிங் வாசர் தட்டையாக அமுங்கிக் கிடக்கும், அதற்குச் செய்ய வேலை ஒன்றும் மிச்சமிருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மனிதன் கையால் எட்டக்கூடிய அளவுகள். போல்ட் தடிக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் போல்ட்டின் குறுக்குவெட்டு நாலு மடங்காகிறது; ஏற்ற வேண்டிய இழுவையும் நாலு மடங்காகிறது. மரையும் நட்டும் உரசுகிற ஆரம் இரண்டு மடங்காகிறது. இரண்டும் பெருகி, வேண்டிய திருப்பம் எட்டு மடங்கு. 20 மில்லிமீற்றருக்கு 440 என்றால் 40 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3500 நியூட்டன் மீற்றர். 1 மீற்றர் கைபிடியின் நுனியில் 350 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். 64 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 15,000ஐத் தாண்டும்; அதே கைபிடியில் ஒன்றரைத் தொன். மன்னார்த் தீவில் 2020 முதல் சுற்றுகிற முப்பது காற்றாலைகளின் கோபுரங்களும் தடித்த போல்ட் வரிசைகளால்தான் துண்டு துண்டாகப் பிணைந்து நிற்கின்றன. அவற்றையெல்லாம் ஸ்பனரில் தொங்கி இறுக்க முடியாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கருவிகள் வேண்டும்.

பழைய வழி ஒன்று உண்டு, நம்மூர்க் கொல்லர்கள் அறிந்ததுதான். மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்பு வளையத்தை எப்படி ஏற்றுவார்கள்? வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே மரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கும்போது அது ஆரக்கால்களை நெரித்துப் பிடிக்கும். நீராவி டர்பைன்களின் பெரிய போல்ட்டுகளுக்கும் அதே வித்தைதான். நடுவில் துளையிட்ட போல்ட்டைச் சூடேற்றி, நீண்டிருக்கும்போது நட்டைச் சும்மா கையால் முட்டும்வரை திருகி விட்டுவிடுவார்கள். ஆறும்போது போல்ட் தானாக இழுபடும்.

இன்னொரு வழிதான் என்னை மிகவும் கவர்ந்தது, சாதாரணக் கைக்கருவியால் 120 தொன் ஏற்றலாம் என்பதால். சேற்றில் புதைந்த பாரமான இயந்திரம் ஒன்றைக் கிளப்ப என்ன செய்கிறோம்? பெரிய ஒரு ஜக் கிடைக்காவிட்டால் சின்ன ஜக் நாலை நாலு மூலையிலும் வைத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி உயர்த்துகிறோம். ஒரு ஜக்கைத் திருப்புகிற கைக்கு முழுப் பாரமும் தெரிவதில்லை, அந்த மூலையின் பங்குதான் தெரிகிறது. அதே யோசனையைப் பெரிய நட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பெரிய நட்டைக் கையால் முட்டும்வரை திருகிவிட வேண்டியதுதான். அதன் உடலில் வட்டமாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய போல்ட். அந்தச் சிறிய போல்ட்டுகளின் நுனிகள் கீழேயிருக்கும் கடினமாக்கிய தடித்த வாசரை அழுத்தும். அவற்றை இறுக்க இறுக்கப் பெரிய நட் மேலே தள்ளப்படுகிறது. பெரிய போல்ட் இழுபடுகிறது. சூப்பர்போல்ட் என்ற பெயரில் விற்பனையில் இருப்பது இந்த வகைதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 64 மில்லிமீற்றர் போல்ட்டில் 120 தொன் ஏற்ற வேண்டும். வட்டத்தில் 16 சிறிய போல்ட் என்றால் ஒன்றின் பங்கு ஏழரைத் தொன். 16 மில்லிமீற்றர் தடிப்புள்ள, நல்ல வலுவான, கிறீஸ் பூசிய போல்ட்டில் அதை ஏற்ற ஏறக்குறைய 150 நியூட்டன் மீற்றர் போதும். அரை மீற்றர் கைபிடியில் 30 கிலோ இழுப்பு. பதினைந்தாயிரம் எங்கே, நூற்றைம்பது எங்கே! பெரிய போல்ட் முறுக்கப்படாமல் நேராக மட்டும் இழுபடுவது இன்னொரு நன்மை. நட்டை நேரடியாகத் திருகும்போது போல்ட்டின் உடலும் கூடச் சேர்ந்து முறுகும், அது அதன் வலுவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இங்கே அது இல்லை.

இறுக்குவது பிளாஞ்ச் மாதிரியேதான். எதிரெதிரான நாலு சிறிய போல்ட்டைப் பாதி அளவுக்கு முதலில், பிறகு அதே நாலை முழு அளவுக்கு, அதன்பின் வட்டமாக எல்லாவற்றையும், ஒன்றும் நகராமல் நிற்கும்வரை. முதல் சில வட்டங்களில் ஒவ்வொன்றும் நன்றாகவே ஓடும். பொறுமை வேண்டிய இடம் அதுதான்.

கழற்றுவதில் இன்னும் கவனம் வேண்டும். சிறிய போல்ட் ஒன்றை முழுதாகத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போனால், அது சுமந்த ஏழரைத் தொன்னும் மிச்சமுள்ளவற்றின் தலையில் ஏறும். இப்படியே போனால் கடைசி நாலைந்து போல்ட் தாங்க முடியாத சுமையில் இறுகிச் சிக்கிக்கொள்ளும், வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். முதல் வட்டத்தில் ஒவ்வொன்றையும் அசைகிற அளவுக்கு, எட்டில் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். இரண்டாம் வட்டத்திலும் அதே அளவு. மூன்றாவதில் கால் சுற்று. பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த மூட்டு என்றால் முதல் நாளே மரைக்குள் ஒயில் விட்டு ஊறவிட்டு, மறுநாள் காலையில் ஸ்பனரை எடுங்கள்.